கட்டிலின் இடது பக்கம்

டெக்சாஸில் நான் பார்க்கும் வேலையின் பெயரில் அசிஸ்டென்ட் என்ற சொல் இருக்கிறது. ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள் அதைக் கேட்டதும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, அப்புறம் எப்போது மெயின் ஆவாய் என்று விசாரிப்பார்கள். ஆக மாட்டேன். ஃபிசிக்கல் தெரபிஸ்ட் அசிஸ்டென்ட் என்பது தனிப் படிப்பு, தனி லைசென்ஸ். கல்யாணமாகி இர்விங்குக்கு வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் வருடக்கணக்கில் அபார்ட்மென்ட் பால்கனியில் நின்று கார்களைப் பார்த்துவிட்டு, கிரீன் கார்டு வந்த பிறகு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து படித்து வாங்கியது.

வேலையின் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். நோயாளியை முதலில் நேரில் பார்ப்பவர் தெரபிஸ்ட். நோயாளியால் என்ன முடியும், எது முடியாது என்று மதிப்பிட்டுத் திட்டம் போடுவதும் அவர்தான். அந்தத் திட்டத்தின்படி வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. திட்டத்தை நானாக மாற்றக் கூடாது. நான் ஒரு வீட்டில் இருக்கும் நேரம் முழுக்க அவர் போனில் கிடைக்க வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் அவரே வந்து பார்க்க வேண்டும். நோயாளியிடம் புதிதாக ஏதாவது தெரிந்தால் கையை எடுத்துவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும். கண்ணில் பட்டதை நான் சொல்லலாம். அதற்கு என்ன அர்த்தம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு மேலிருந்த தெரபிஸ்ட் பிலிப்பைன்ஸ்காரர். பருத்த உடம்பு, ஐம்பதைத் தாண்டிய வயது. காரில் வீடு வீடாக அலைந்துகொண்டே இருப்பவர். எப்போது கூப்பிட்டாலும் வறுத்த வேர்க்கடலை மெல்லும் சத்தத்தோடு எடுப்பார். எடுக்காமல் விட்டதில்லை.

அவர் போட்ட திட்டத்தோடுதான் இர்விங்கிலேயே லாஸ் கொலினாஸ் பக்கம் இருந்த அந்தச் செங்கல் வீட்டுக்கு நான் போக ஆரம்பித்தேன். நோயாளி தூத்துக்குடிக்காரர், துறைமுகத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. மகளோடு இருக்க இங்கே வந்தவருக்கு மூளையின் வலது பக்கத்தில் பக்கவாதம் தாக்கியிருந்தது. இடது கையும் காலும் பலம் இழந்திருந்தன. அதைவிடப் பெரிய சிக்கல், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோனது. கண்ணில் கோளாறு இல்லை. ஆனால் தட்டில் வலது பாதி இட்லியைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் வேண்டும் என்பார். மகள் தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைச் சாப்பிடுவார். முகத்தின் வலது பக்கம் மட்டும் சவரம் செய்துகொள்வார். இடது கையை எடுத்து அவர் மடியில் வைத்து இது யாருடையது என்று கேட்டேன். நாகரிகமாகச் சிரித்து, "தெரியலையேம்மா, யாராவது விட்டுட்டுப் போயிருப்பாங்க" என்றார்.

வாசலை ஒட்டிக் கண்ணாடிக் கதவு போட்ட அறை ஒன்று இருந்தது. மகளின் ஆபீஸ் அறை. மேசையை வெளியே எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். கட்டிலின் வலது பக்கம் ஜன்னல். இடது பக்கம் வெறும் தரை, அதன் முடிவில் சுவரோடு சேர்த்துக் கட்டிய துணி அலமாரி. அந்த மூலையில் எப்போதும் அரை வெளிச்சம்தான். நான் இடது பக்கம் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். அந்தப் பக்கத்துக்கு அவர் கவனத்தைத் திரும்ப அழைத்துவர வேண்டும் என்பது திட்டத்தில் இருந்தது. நான் அங்கிருந்து கூப்பிட்டால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, திரைக்குப் பின்னால் என்னைத் தேடுவார்.

முதல் நாளே அவர் பெரிய டாக்டர் வரவில்லையா என்று கேட்டார். எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார், நான் இங்கே இருக்கும்போது அவர் நேரில் இல்லாவிட்டாலும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரிதான் என்று விளக்கினேன். "அப்ப நீ தனியா வரல" என்றார். ஒரு விதத்தில் ஆமாம் என்றேன். பின்னால் நடந்ததற்கு நான் சொன்ன இந்த வாக்கியம்தான் விதை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்கள் போயின. ஒரு நாள் காலை அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, மஞ்சள் நிறப் பந்து ஒன்றை அவருடைய இடது பக்கம் பிடித்துக்கொண்டு, இதைத் தொடுங்கள் அங்கிள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் தலை இந்தப் பக்கம் திரும்பியது. எத்தனையோ நாளாக நான் கெஞ்சியும் மூக்குக்கு நேரே வந்து நின்றுவிடும் அந்தக் கழுத்து, நடுக்கோட்டைத் தாண்டி முழுசாக இடது பக்கம் வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் பந்து கையிலிருந்து நழுவப் பார்த்தது. ஆனால் அவர் பந்தைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி அலமாரியைப் பார்த்தார்.

"ஏம்மா, அவங்க எவ்வளவு நேரம் நின்னுகிட்டே இருப்பாங்க? அந்த நாற்காலியில உக்காரச் சொல்லேன்" என்றார்.

யாரை அங்கிள் என்று கேட்டேன். உனக்கு மேலே ஒருத்தர் இருக்கிறார் என்று சொன்னாயே, அவர்களைத்தான் என்றார். அவர் ஆம்பிளை அங்கிள், முதல் தடவை வந்தாரே, குண்டாக, உயரமாக, ஞாபகம் இல்லையா என்றேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. இவர்கள் வேறு என்றார். அலமாரிப் பக்கம் திரும்பி, "நம்ம ஊர் அம்மாதான்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அலமாரிக் கதவு மூடியிருந்தது. அதன் பித்தளைக் குமிழில் ஜன்னல் வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. வேறு எதுவும் இல்லை.

வேலை முடிந்ததும் சமையலறையில் மகளிடம் சொன்னேன். லாஸ் கொலினாஸில் ஒரு கம்பெனியில் மேனேஜராக இருப்பவர், பாதி நாள் வீட்டிலிருந்தே மாடியில் வேலை பார்ப்பார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாவுக்கும் ஒரு தட்டு வை என்று சொல்கிறார் என்றார். அலமாரி பக்கத்தில் ஒரு நாற்காலி ஏன் வந்தது என்று இரண்டு நாளாக எனக்குப் புரியாமல் இருந்தது. போடாவிட்டால் அப்பா தூங்க மாட்டேன் என்கிறார் என்று இவர்தான் போட்டிருக்கிறார். ஆனால் அந்த அம்மா அதில் உட்காரவில்லையாம். அதுவும் அப்பா சொன்னதுதான்.

"ப்ளீஸ், இதை மட்டும் ரிப்போர்ட் பண்ணாதீங்க. டிமென்ஷியான்னு எழுதிட்டா அவ்ளோதான். தெரபியைக் கட் பண்ணிட்டு நர்சிங் ஹோம் பார்க்கச் சொல்லுவாங்க" என்றார்.

பண்ணாமல் இருக்க முடியாது அக்கா என்று சொல்லிவிட்டுக் காருக்கு வந்தேன். வெயிலில் வெந்த ஸ்டியரிங்கில் டவலைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, தெரபிஸ்டைக் கூப்பிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கழுத்து எவ்வளவு தூரம் திரும்பியது என்பதைத்தான் முதலில் விசாரித்தார். பிறகு, ஒரு பக்கத்திலிருந்து செய்தி வராமல் போனால் மூளை அந்த இடத்தில் தானே ஒரு படத்தை வரைந்துகொள்வது உண்டு, பயப்பட வேண்டாம், டாக்டரிடம் நான் சொல்கிறேன், புதிதாக எது நடந்தாலும் அந்த நிமிடமே கூப்பிடு என்றார். டாக்டர் தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் சோதனை ஒன்றுக்கு எழுதினார். வலிப்பு எதுவும் இல்லை, மறதி நோயும் இல்லை, கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தெரபியை யாரும் நிறுத்தவில்லை. மகளுக்கு மட்டும் என் மேல் வருத்தம். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னைக் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை.

நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. தெரபிஸ்ட் சொன்ன விளக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது, அந்த அறைக்கு வெளியே இருக்கும்வரை. உள்ளே போய் அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்றதும் கழுத்துக்குப் பின்னால் ஒரு குறுகுறுப்பு வந்துவிடும். அந்த இடத்தை எதையாவது வைத்து நிரப்பினால் தேவலை என்று, என் பெரிய கைப்பையைக் கொண்டுபோய் அலமாரி ஓரத்தில் வைத்தேன். அவர் எப்போதும்போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கே போனேன், என்ன வைத்தேன் என்று பார்த்திருக்க வழியே இல்லை.

"பையை எடும்மா. அவங்க கால் மேலயா வைப்ப" என்றார்.

எடுத்துவிட்டேன். எடுத்துக்கொண்டு வந்து சிரித்தேன் என்றும் நினைக்கிறேன். பை தரையில் உரசிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மாவைப் பற்றி அவர் பயந்து பேசியதே இல்லை. பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வார். காப்பிக் கலர் நூல் புடவை. வயது சொல்லத் தெரியவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார், பேச மாட்டார். முகம் எப்படி என்று ஒரு தடவை கேட்டேன். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் முகம் தெரியவில்லை என்றார். அவர்களுக்குப் பின்னால் இருந்தது மூடிய அலமாரி.

மகள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ஒரு நாள் தெரிந்தது. நான் கிழவரின் இடது தோளை அசைத்துக்கொண்டிருந்தபோது மகள் காபித் தம்ளரோடு வந்து கட்டில் கால்மாட்டில் நின்றார். வழக்கமாகப் பேசாத ஒரு மெல்லிய குரலில், "அப்பா, அது அம்மாவா?" என்று கேட்டார். அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது இறந்துபோன அம்மா.

கிழவர் சிரித்தேவிட்டார். "உங்கம்மாவ எனக்குத் தெரியாதா? இது வேற ஆளு" என்றார்.

மகள் தம்ளரை அங்கேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனார். அவருக்கு அதுவரை பயம் இல்லை, ஆசைதான் இருந்திருக்கிறது என்று எனக்கு அப்போது புரிந்தது. அன்றிலிருந்துதான் பயம் வந்தது. ராத்திரி அப்பாவின் அறையில் விளக்கை அணைப்பதில்லை என்றும், கண்ணாடிக் கதவுக்குத் திரை வாங்கிப் போட்டுவிட்டதாகவும் சொன்னார்.

இதற்கிடையில் கிழவர் தேறிக்கொண்டிருந்தார். அதுதான் வேடிக்கை. அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அடிக்கடி இடது பக்கம் திரும்பினார். திரும்பும்போது நடுவில் நானும் கண்ணில் பட ஆரம்பித்தேன். பந்தைப் பிடித்தார். தட்டின் இடது ஓரத்தில் இருந்த சட்னியைத் தானே கண்டுபிடித்தார். தெரபிஸ்ட் அவருடைய முறைக்கு நேரில் வந்து சோதித்துப் பார்த்து, எழுந்து நிற்கும் பயிற்சியையும், வாக்கர் பிடித்துச் சில அடி நடக்கும் பயிற்சியையும் திட்டத்தில் சேர்த்தார். அவர் வந்திருந்தபோது அந்த அம்மா நகர்ந்து வழிவிட்டதாகக் கிழவர் என்னிடம் தமிழில் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்தேன். தெரபிஸ்ட் அலமாரிப் பக்கம் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார். கேலிக்காகச் செய்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த வாரங்களில் அந்த அம்மா இடம் மாறினார். முதலில் நாற்காலிக்கு இந்தப் பக்கம். பிறகு கட்டில் கால்மாட்டுக்குப் பக்கத்தில். ஒரு நாள் நான் குனிந்து கிழவரின் பாதத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, இப்போது உன் தோளை ஒட்டி நிற்கிறார்கள், நீ செய்வதைக் குனிந்து பார்க்கிறார்கள் என்றார். நான் நிமிரவில்லை. பாதத்தைப் பிடித்தபடி, எண்ண வேண்டிய எண்ணிக்கையைச் சத்தமாக எண்ணி முடித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. வெளியே வந்து தெரபிஸ்டைக் கூப்பிட்டு இதையும் சொன்னேன். எந்தத் தோள் என்று கேட்டார். இடது தோள். சரி என்றார். மெல்லும் சத்தம் கொஞ்சம் நின்று மறுபடி தொடங்கியது.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் காலையில் போனேன். அன்றைக்கு நடக்க வைக்க வேண்டும் என்பது திட்டம். வாக்கரைக் கட்டிலுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தேன். விழாமல் பிடித்துக்கொள்வதற்கான பெல்ட்டை இடுப்பில் கட்டப் போனபோது அவர் வேண்டாம் என்றார். சோம்பல்பட்டு எதையும் மறுக்கிறவர் இல்லை அவர், ஷிஃப்டுக்குப் போகிறவர் மாதிரி எனக்கு முன்பே தயாராக இருப்பார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். தனக்கு ஒன்றும் இல்லை என்றார். வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, தலைசுற்றல் இல்லை.

"அந்தம்மா இன்னிக்குத் தரையில உக்காந்துட்டாங்க. கால் வலிக்குதாம். அவங்க உக்காந்திருக்கும்போது நான் எப்படிம்மா நடக்கிறது" என்றார்.

எந்தக் கால் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. பயிற்சியின் பழக்கம், யார் கால்வலி என்றாலும் எந்தக் கால் என்றுதான் வாயில் வரும். இடது கால் என்றார். கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்றார்.

நான் குனிந்து அவருடைய இடது காலைப் பார்த்தேன். மகள் சாக்ஸ் போட்டுவிட்டிருந்தார். அதை உருட்டிக் கீழே இறக்கினேன். சாக்ஸின் மேல் விளிம்பு தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. கெண்டைக்கால் பளபளவென்று இருந்தது. உள்ளங்கையை வைத்தேன். சூடு. வலது காலில் வைத்துப் பார்த்தேன். அது ஏசி அறையின் குளிர்ச்சியோடு இருந்தது. மறுபடி இடது காலுக்கு வந்து, கெண்டைக்காலின் பின்பக்கத்தில் விரலை வைத்து மெல்ல, மிக மெல்ல அழுத்தினேன்.

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் புல்தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. அமைதியாகச் சொன்னார்.

"விட்டுரும்மா. அவங்க அழுறாங்க."

கையை எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. யாரும் அழும் சத்தம் கேட்கவில்லை, ஏசியின் இரைச்சல்தான். ஆனால் நான் தொட்ட இடத்துக்கும் அழுகிற ஆளுக்கும் நடுவில் இருந்த தூரம், ஒரு கை நீளம்கூட இல்லாத அந்தத் தூரம், எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

போனை எடுத்தேன். தெரபிஸ்ட் முதல் மணியிலேயே எடுத்தார். பார்த்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன். இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளக்கச் சொன்னார். ஒரே உயரத்தில் வைத்து அளந்தேன். இடது கால் நன்றாகவே பருத்திருந்தது. நாடித்துடிப்பு, மூச்சு, விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு எல்லாம் கேட்டார். சொன்னேன். வேறு ஏதாவது உண்டா என்றார். அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருப்பதையும், நான் அழுத்தியபோது அவர்கள் அழுததையும் சொன்னேன். அவர், நோயாளியை நிற்க வைக்காதே, காலைத் தேய்க்காதே, அசைக்காதே, உடனே 911 கூப்பிடு, நானும் வந்துகொண்டிருக்கிறேன் என்றார். அவ்வளவு வேகமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

911-க்குச் சொல்லிவிட்டு, மாடிப்படி பாதியில் நின்று மகளைக் கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருந்தவர் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே வந்தார். அப்பாவைப் பார்த்தார். அவர் சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் பேச்சும் நடுவில் வந்ததும் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த லேடிக்குக் கால் வலிக்குதுன்னு எங்கப்பாவுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடறீங்களா?"

"இல்லக்கா. உங்கப்பா கால் வீங்கியிருக்கு, சுடுது. அதுக்குத்தான் கூப்பிடறேன்" என்றேன்.

அவர் வந்து காலைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை உடனே எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் அவரைத் தூக்கி வைக்கும்போது அவர் இடது பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார். தெரபிஸ்ட் வந்து சேர்ந்தபோது வண்டி கிளம்பிவிட்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் தள்ளிவிட்ட நாற்காலி அலமாரிக்கு முன்னால் பக்கவாட்டில் கிடந்தது. அவர் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

இடது காலின் ஆழமான ரத்தக்குழாயில், தொடை வரைக்கும் ரத்தம் கட்டியிருந்தது. அன்றைக்கு அவரை நிற்க வைத்து நடக்கவிட்டிருந்தால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் மகளிடம் சொல்லியிருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள்.

கிழவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு நான் நேரடியாகப் போய்விட முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரைத் தெரபிஸ்ட் மறுபடி முதலிலிருந்து மதிப்பிட்டுப் புதிய திட்டம் போட வேண்டும். மொழிபெயர்க்க வா என்று என்னையும் அழைத்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல், எனக்கு ஒரு விளக்கம் சொன்னார். நோயாளியின் இடது கால் அவருக்கு வலியைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கும், இடது கால் என்று ஒன்று இருப்பதை ஏற்காத மூளை அந்த வலியை என்ன செய்யும், ஏற்கெனவே அங்கே நின்றிருந்த ஆளிடம் கொடுத்துவிட்டது என்றார். எனக்கு அது புரிந்தது. அப்படியானால் வீக்கத்துக்கு எத்தனையோ வாரங்களுக்கு முன்பே அந்த ஆள் அங்கே ஏன் வந்து நின்றார் என்று கேட்டேன். அவர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். அது எனக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

உள்ளே நாற்காலி இல்லை. மகள் அதைக் கராஜில் கொண்டுபோய் வைத்துவிட்டிருந்தார். கிழவர் இளைத்திருந்தார். தெரபிஸ்ட் காலை, கையை, கண் பார்வையின் வட்டத்தை எல்லாம் சோதித்து முடித்துவிட்டு, அந்த அம்மா இன்னும் இங்கே இருக்கிறார்களா என்று என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இல்லையேம்மா. வண்டி வந்தப்போ அவங்களும் வாசல் வரைக்கும் வந்தாங்க. வண்டியில ஏறல. இங்கயேதான நின்னாங்க? அதுக்கப்புறம் நான் பாக்கல" என்றார்.

கதவருகே நின்றிருந்த மகள் அதைக் கேட்டார். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் குளிக்கவும் உடை மாற்றவும் வீட்டுக்குத் தனியாக வந்து போனவர் அவர். என்னிடம் சமையலறையில் ஒரே ஒரு விஷயம் சொன்னார். அந்த நாட்களில் ஒரு தடவை கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, நீங்கள் யாராக இருந்தாலும் நன்றி என்று சொன்னாராம். பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் காதைப் பொத்திக்கொண்டு சொன்னாராம். சொல்லிவிட்டு அவர் காபி போட்டுக் கொடுத்தார். இருவரும் நின்றுகொண்டே குடித்தோம்.

இலையுதிர் காலம் முழுக்க அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா திரும்ப வரவில்லை. பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் போனதால் கிழவர் இடது பக்கம் திரும்புவது கொஞ்ச நாள் குறைந்துபோனது. நான் மறுபடி மஞ்சள் பந்தோடு ஆரம்பித்தேன். மெதுவாகக் கழுத்து வந்தது, கண் வந்தது, கை வந்தது. கூடத்தில் வாக்கரோடு நடக்கும்போது மட்டும் எப்போதும் வலது சுவரை ஒட்டியே நடந்தார். இடது பக்கம் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கும். இது இந்த நோயில் வழக்கமானது, எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். தெரபிஸ்டிடமும் அப்படியே சொன்னேன். அவரும் வழக்கமானதுதான் என்றார்.

டிசம்பரில் வெயில் இதமாக இருந்த ஒரு நாள், வீட்டு வாசலிலிருந்து தபால் பெட்டி வரைக்கும் போய் வரலாம் என்று புறப்பட்டோம். நான் அவர் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்தபடி இடது பக்கம் நடந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டார். குனிந்து தன் கால்களைப் பார்த்தார். முகம் கோணியது. என்ன அங்கிள், யாராவது என்று ஆரம்பித்தேன்.

"என் கால் வலிக்குதும்மா" என்றார். இடது கையால், தானாகவே, இடது முழங்காலைத் தொட்டுக் காட்டினார். "இந்தா, இங்க. என் காலு."

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்காக அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவரைத் தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் செய்து, கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை. முழங்கால் மூட்டில்தான் வலி, ரொம்ப நாள் கழித்து அதிக தூரம் நடக்கிறவர்களுக்கு வருவது. ஆனால் புதிய வலி. மாடி ஜன்னலிலிருந்து மகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை என்று கையால் சைகை காட்டிவிட்டு, தெரபிஸ்டின் எண்ணை அழுத்தினேன். கடலை மெல்லும் சத்தத்தோடு எடுத்தார். நோயாளிக்கு முழங்காலில் வலி என்று சொன்னேன். யாருக்கு என்றார். அவருக்குத்தான், தன் கால் என்று அவரே சொன்னார் என்றேன். அவர் பெரிதாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, சரி, இன்றைக்கு இது போதும், மெதுவாக வீட்டுக்குள் கூட்டிப் போ என்றார்.